சர். ஏ. டி. பன்னீர்செல்வம்: தஞ்சையின் தலைமைப் பீடத்தில் ஒரு கட்சிக்காரர்

ஒரு நகரத்தின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது கட்சியைப் பார்ப்பதா, மனிதரைப் பார்ப்பதா என்ற கேள்வி புதிதன்று. அமெரிக்காவின் பெரிய நகரங்கள் பல இக்கேள்விக்குச் சட்டத்தின் மூலமாகவே விடை காண முயன்றிருக்கின்றன. பாஸ்டன், லாஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய நகரங்கள் 1909-ம் வருஷத்திலும், டெட்ராய்ட் நகரம் 1918-ம் வருஷத்திலும், மேயர் தேர்தலுக்குரிய வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இடம்பெறலாகாது என்று விதி செய்துகொண்டன. நெடுங்காலம் கட்சித் தரகர்களின் பிடியில் இருந்ததாகப் பெயர் பெற்ற சிகாகோ நகரமும் 1999-ம் வருஷத் தேர்தல் முதல் அவ்வழியைப் பின்பற்றலாயிற்று. சாக்கடைக்கும் குடிநீருக்கும் கட்சி இல்லையாதலால், அவற்றைக் கவனிக்கும் தலைவருக்கும் கட்சி வேண்டுவதில்லை என்பதே அவ்விதிகளின் உட்கருத்தாகும்.

தமிழ்நாட்டிலோ இரு வழிகளும் கலந்து நிலவுகின்றன. கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னங்களுக்கு இடமில்லை. நகரசபைகளிலும் மாநகராட்சிகளிலும் கட்சிகளே போட்டியிடுகின்றன. மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் ஒரே நிலையில் நின்றதில்லை. 1996, 2001, 2011-ம் வருஷங்களில் பொது ஜனங்களே மேயரை நேராகத் தேர்ந்தெடுத்தனர். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தனர். காவிரிப் படுகையில் தஞ்சாவூர் 2014-ம் வருஷத்திலும் கும்பகோணம் 2021-ம் வருஷத்திலும் மாநகராட்சிகளாகி, சேர்மன்கள் அமர்ந்திருந்த இடத்தில் மேயர்கள் அமரும் காலம் வந்துவிட்டது. ஆகவே, கட்சியற்ற ஸ்தல ஆட்சி என்பதன் பொருள் யாது, அது எதைத் தரும், எதைத் தராது என்பதைத் தஞ்சை ஜில்லாவாசிகள் ஆராய்ந்து பார்த்தல் அவசியமாகிறது.

ஆராய்ச்சிக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் காணப்படாத காலத்தில், தஞ்சை முனிசிபல் சபையின் தலைமையையும் பின்னர் தஞ்சை ஜில்லா போர்டின் தலைமையையும் வகித்த ஒருவரின் வாழ்க்கை நம் கண்முன் இருக்கிறது. அவர் சர். ஏ. டி. பன்னீர்செல்வம். தேசிய இயக்கத்துக்கு எதிரணியிலேயே தம் அரசியல் வாழ்வைக் கழித்தவர் அவர். அவரைப் பற்றித் தேசியவாதிகள் எழுத வேண்டுமா என்று நேயர்களிற் சிலர் வினவக்கூடும். எழுத வேண்டும் என்பதே நமது கருத்து. தன் அணியைச் சேர்ந்தவரை மட்டும் மெச்சுவதற்கு அரசியல் அறிவு வேண்டுவதில்லை. எதிரணியில் நின்றவரின் நன்மை தீமைகளைத் தராசில் இட்டு நிறுக்கத் தெரிந்தவனே நகராட்சித் தேர்தலில் நேர்மையாக வாக்களிக்கத் தகுதியுள்ளவன்.

பன்னீர்செல்வம் 1888-ம் வருஷம் ஜூன் மாதம் 1-ம் தேதி, இன்றைய திருவாரூர் ஜில்லாவில் அடங்கிய செல்வபுரத்தில், நிலவளம் மிக்க கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையார் பெயர் தாமரைச்செல்வம். அக்காலத்துத் தஞ்சை ஜில்லாவில் நிலமே செல்வம், நிலமே செல்வாக்கு, நிலமே வாக்குரிமை. காவிரியும் அதன் கிளைகளான வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு ஆகியனவும் பாயும் வயல்களுக்கு உடைமையாளர்களான மிராசுதார்கள் ஒரு புறமும், அவ்வயல்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்துத் தேய்ந்த பண்ணையாட்கள் மறுபுறமுமாக இருந்த ஜில்லா அது. பன்னீர்செல்வம் பிறந்தது முதற் கூறிய பக்கத்தில். இங்கிலாந்து சென்று சட்டம் பயின்று பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், தஞ்சையில் வக்கீல் தொழிலையும் பொது வாழ்க்கையையும் ஒருங்கே தொடங்கினார்.

அவர் நுழைந்த ஸ்தல ஸ்தாபனங்களின் அமைப்பை அறிந்துகொண்டால்தான் அவர் செய்ததன் மதிப்பு விளங்கும். தஞ்சாவூரும் கும்பகோணமும் 1866-ம் வருஷத்தில் முனிசிபாலிடிகளாயின. ரிப்பன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது பிறந்த ஸ்தல சுயாட்சிக் கொள்கையை ஒட்டி 1884-ம் வருஷத்தில் சென்னை ராஜதானியில் புதிய சட்டங்கள் இயற்றப்பட்டன. அங்கத்தினர்களில் ஒரு பகுதியினரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுத்தனர். மற்றொரு பகுதியினரைச் சர்க்கார் நியமித்தது. அதிகாரிகளே தலைமை வகித்த நிலை படிப்படியாக மாறி, ஜனங்களில் ஒருவரே தலைவராகும் காலம் வந்தது. வாக்குரிமை பெற்றவர்கள் தொகையிற் சிலரே. வீட்டு வரியும் தொழில் வரியும் செலுத்துவோர் பட்டியலே வாக்காளர் பட்டியல். பெரும்பாலான ஜனங்களுக்கு அதில் இடமில்லை. போட்டியிட்டவர்கள் தத்தம் பெயராலும், குடும்பத்தாலும், தொழிலாலும், ஜாதி உறவாலும் வாக்குக் கேட்டார்கள். கட்சிச் சின்னம் என்ற ஒன்றை அத்தேர்தல்கள் அறியா.

இம்மாதிரியான சபைக்கு 1918-ம் வருஷத்தில் பன்னீர்செல்வம் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 30. பெரிய கோயில் ஓங்கி நிற்கும் நகரத்தில், ஹிந்துக்கள் மிகப் பெரும்பான்மையினராக உள்ள சபையில், கிறிஸ்தவர் ஒருவர் தலைமை நாற்காலியில் அமர்வதற்கு அவர் மதம் தடையாக இருக்கவில்லை. ஊர் ஜனங்களிடையே இருந்த நம்பிக்கைக்கு இது ஓர் அடையாளமாகும். 1920-ம் வருஷம் வரை அவர் அப்பதவியில் இருந்தார்.

அந்த இரண்டு மூன்று வருஷங்கள் தமிழ்நாட்டு ஸ்தல ஆட்சியின் சரித்திரத்தில் கவனிக்கத்தக்கவை. சேலம் முனிசிபல் சபைக்கு 1917-ம் வருஷம் முதல் 1919 வரை ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் தலைவர். ஈரோட்டில் ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்ரீ ஈ. வெ. ராமசாமி தலைவர். தஞ்சையில் பன்னீர்செல்வம். மூவரும் கட்சிச் சின்னம் இல்லாமல் தத்தம் ஊரின் குடிநீரையும் தெருவிளக்கையும் கவனித்தவர்கள். மூவரும் பின்னர் தமிழ்நாட்டின் போக்கையே நிர்ணயித்த மூன்று பாதைகளில் நடந்தவர்கள். ராஜாஜி காங்கிரஸின் தூணானார். ஈ. வெ. ரா. காங்கிரஸில் சேர்ந்து, அதனின்றும் வெளியேறி, சுயமரியாதை இயக்கத்தைத் தோற்றுவித்தார். பன்னீர்செல்வம் 1916-ம் வருஷத்தில் தோன்றிய தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தில், அதாவது ஜஸ்டிஸ் கட்சியில், நிலைபெற்றார். வருங்காலத் தலைவர்களுக்கு முனிசிபல் நாற்காலியே முதற் பள்ளிக்கூடமாக அமைந்தது. அப்பள்ளியில் அவர்கள் கற்ற பாடம், வரியும் செலவும், குழாயும் குப்பையும் ஆகியவற்றைப் பற்றியது.

பின்னர் காலம் மாறிற்று. மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி ஸ்தல சுயாட்சி இலாகா ஜனப் பிரதிநிதிகளான மந்திரிகளின் கைக்கு வந்தது. 1920-ம் வருஷத் தேர்தலைக் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. ஜஸ்டிஸ் கட்சி மந்திரி சபை அமைத்தது. ஸ்தல சுயாட்சி மந்திரியாகப் பனகல் அரசர் பொறுப்பேற்றார். வாக்குச்சீட்டில் கட்சி இல்லாவிடினும், அங்கத்தினர்களை நியமிக்கும் அதிகாரம் மந்திரியின் கையில் இருந்தது. மந்திரி கட்சிக்காரர். ஆகவே வாசல் வழியாக வராத கட்சி, நியமனம் என்ற சன்னல் வழியாக உள்ளே வந்தது. ஸ்தல ஸ்தாபனங்களைக் கட்சியின் கோட்டைகளாக ஆக்கிக்கொள்கிறார்கள் என்று தேசியப் பத்திரிகைகள் அந்நாளில் குறை கூறியது காரணமில்லாததன்று. கட்சியற்ற தேர்தல் என்று பெயர் வைத்துவிட்டால் கட்சி மறைந்துவிடும் என்று நம்புவோர் இச்சரித்திரத்தை ஒருமுறை படித்தல் நலம்.

இந்தச் சூழ்நிலையில்தான் 1924-ம் வருஷத்தில் பன்னீர்செல்வம் தஞ்சை ஜில்லா போர்டின் தலைவரானார். அவ்வருஷம் ஜூலை மாதத்தில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் வந்த பெருவெள்ளத்தைத் தஞ்சை ஜில்லா எளிதில் மறக்கவில்லை. கரைகள் உடைந்து, சாலைகள் அறுபட்டு, வயல்கள் மணல் மூடிக் கிடந்த காலம் அது. மேட்டூர் அணை அதற்கு அடுத்த வருஷம் தொடங்கப் பெற்று 1934-ல்தான் முடிந்தது. அணையில்லாத ஆற்றின் கருணையை நம்பியே ஜில்லா வாழ்ந்த நாட்கள் அவை.

தஞ்சை ஜில்லா போர்டு சாதாரண ஸ்தாபனமன்று. சாலைகள், ஆஸ்பத்திரிகள், பள்ளிக்கூடங்கள் ஆகியவற்றோடு, நிலவரியோடு சேர்த்து வசூலித்த பணத்தைக்கொண்டு ஒரு ரயில் பாதையையே அமைத்த போர்டு அது. 1894-ம் வருஷத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரையிலும், பின்னர் அறந்தாங்கி வரையிலும் ஓடிய அப்பாதை ஜில்லா போர்டின் பெயராலேயே வழங்கி வந்தது. இதற்கும் மேலாக, தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர்கள் நிறுவிய சத்திரங்களும், அவற்றுக்குரிய நிலங்களின் வருமானமும் போர்டின் பொறுப்பில் இருந்தன. பன்னீர்செல்வத்தின் வாழ்க்கையில் நிலைத்து நிற்கும் பணி இச்சத்திரங்களைப் பற்றியதே.

ராமேசுவரத்துக்கு யாத்திரை செல்வோர் தங்கி உண்ணும்பொருட்டு மராத்திய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரங்கள் அமைத்தார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம், நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம், ராஜாமடத்துச் சத்திரம் முதலியன அவற்றுள் பெயர் பெற்றவை. இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்தில் அன்னதானத்தோடு கல்வியும் வைத்தியமும் சத்திரங்களில் இடம்பெற்றன. மன்னராட்சி மறைந்த பிறகும் மானியங்கள் மறையவில்லை. காவிரித் தண்ணீரில் விளைந்த நெல் ஆண்டுதோறும் சத்திரத்துக் களஞ்சியத்தை நிரப்பிற்று. ரயில் வந்தபின் பாதயாத்திரிகர் கூட்டம் குறைந்தது. சத்திரத்துச் சோறு மாணவர்களின் பக்கம் திரும்பிற்று. ஆனால் எந்த மாணவர்கள்? ஒரத்தநாட்டிலும் ராஜாமடத்திலும் இருந்த விடுதிகளில் பிராமண மாணவர்களுக்கே இடம் என்ற வழக்கம் வேரூன்றிவிட்டது. அந்நிலங்களை உழுதவர்களின் மக்களுக்கும், அவ்வூர்களைச் சுற்றி வாழ்ந்த மற்ற வகுப்பினரின் மக்களுக்கும் அந்தக் கூரையின்கீழ் இடம் இல்லை.

பன்னீர்செல்வம் இவ்வழக்கத்தை மாற்றினார். சத்திரத்து வருமானத்தால் நடைபெறும் விடுதிகளைப் பிராமணரல்லாத மாணவர்களுக்கும் திறந்துவிட்டார். கிராமத்திலிருந்து நடந்து வந்து படிக்க இயலாத பிள்ளைகள், விடுதியில் தங்கி உண்டு உயர்தரப் பள்ளியில் படிக்க வழி பிறந்தது. ஒரு தலைமுறைக்குப் பிறகு ஜில்லாவில் எழுந்த ஆசிரியர்களையும் வக்கீல்களையும் அதிகாரிகளையும் எண்ணிப் பார்ப்போர், படித்த தந்தையருக்குப் பிறவாத அவர்களிற் பலர் எந்தக் கூரையின்கீழ் உண்டு உறங்கிப் படித்தார்கள் என்று விசாரித்தால், இந்த மாறுதலின் பொருளை உணர்வார்கள்.

இரண்டாவது மாறுதல் திருவையாற்றில் நிகழ்ந்தது. காவிரிக் கரையில் அமைந்த அவ்வூரில் சத்திரத்து வருமானத்தைக்கொண்டு 1881-ம் வருஷம் முதல் ஸம்ஸ்கிருதக் கல்விசாலை ஒன்று நடந்து வந்தது. கல்விக்கென்று மன்னர் வைத்த பணம் ஒரு மொழிக்கு மட்டுமே உரியதா, அந்நிலங்களில் உழைப்போர் பேசும் மொழிக்கு அதில் பங்கு இல்லையா என்ற கேள்வி எழுந்தது. இக்கேள்வியை எழுப்பியவர்களில் முன்னின்றவர் 1911-ம் வருஷத்தில் தொடங்கிய கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் ஸ்ரீ உமாமகேசுவரம் பிள்ளை. வக்கீலாகவும், தாலுகா போர்டுப் பணியில் அனுபவம் உள்ளவராகவும் இருந்த அவருடைய முயற்சிக்குப் பன்னீர்செல்வம் துணை நின்றார். திருவையாற்றுக் கல்விசாலையில் தமிழ் வித்வான் வகுப்பு இடம்பெற்றது. ஸம்ஸ்கிருதத்தின் பெயரால் வழங்கிய கல்லூரி, அரசர் கல்லூரி என்ற பொதுப் பெயரைத் தாங்கலாயிற்று. ஸம்ஸ்கிருதம் அங்கிருந்து வெளியேற்றப்படவில்லை. அதற்குப் பக்கத்தில் தமிழுக்கும் பாய் விரிக்கப்பட்டது.

இவ்விரு செயல்களாலும் அவருக்கு என்ன லாபம் என்று அரசியற் கணக்கில் எண்ணிப் பார்த்தால் வியப்பே தோன்றும். விடுதியில் சேர்ந்த ஏழைப் பிள்ளைகளின் தந்தையரிற் பலருக்கு வாக்கு இல்லை. ஜில்லா போர்டுத் தேர்தலில் வாக்களித்தவர்கள் வரி செலுத்தும் நிலக்காரர்கள். அவர்களுக்குத் தேவையானவை தங்கள் நெல்வண்டி போகும் சாலையும், தங்கள் ஊர்ப் பாலமுமே. தமக்கு வாக்களித்தவர்களுக்கு மட்டும் கடமைப்பட்டவராக ஒரு தலைவர் தம்மைக் கருதியிருந்தால், சத்திரத்து வழக்கத்தைத் தொட வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. வாக்குரிமை இல்லாதவனுக்கும் தலைவர் பொறுப்பாளி என்பதை அவர் செயலில் காட்டினார். ஜஸ்டிஸ் கட்சியின் கொள்கையும் அதற்குத் தூண்டுகோலாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வாக்குச்சீட்டில் கட்சி இல்லை. ஆனால் நாற்காலியில் அமர்ந்தவரின் உள்ளத்தில் கட்சி இருந்தது. அது இருந்ததனால் இந்த நன்மை விளைந்தது.

இங்கேதான் கட்சியற்ற ஆட்சியைப் பற்றிய எளிய எண்ணம் தடுமாறுகிறது. சோழர் காலத்துக் குடவோலை முறையை நாம் பெருமையோடு நினைக்கிறோம். உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ம் வருஷங்களில், முதலாம் பராந்தகன் காலத்தில், பொறிக்கப்பட்டவை. முப்பது குடும்புகளாகப் பிரிந்த ஊரில் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தார்கள். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது. இதைக் காட்டிலும் கட்சியற்ற தேர்தல் உலகில் உண்டோ? எனினும் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவரே அங்கு நிற்கத் தகுதியுடையவர். கட்சி இல்லை, உண்மைதான். ஊரில் பெரும்பாலோருக்கும் அங்கு இடமில்லை என்பதும் உண்மையே. கட்சியை நீக்கிய மாத்திரத்தில் ஆட்சி எல்லோருக்கும் பொதுவாகிவிடாது. ஏற்கனவே வலிமையுடையவர்கள் வாதமின்றி அமர்வதற்கும் அது வழிசெய்யக்கூடும்.

பன்னீர்செல்வத்தின் குறைகளையும் கூறாவிடில் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அவர் மாற்றியது பள்ளிக்கூடத்தின் வாசலை. வயலின் வரப்பை அவர் தொடவில்லை. பண்ணையாளின் கூலியையும் அவன் மீது விழுந்த சாட்டையையும் பற்றி எந்த ஜில்லா போர்டும் கவலைப்பட்டதாகக் கூற முடியாது. அது கீழத்தஞ்சை விவசாயிகள் தாமே சங்கம் கண்டு போராடிய பிறகு வந்த மாறுதல். தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ம் வருஷத்தில்தான் பிறந்தது. மிராசுதார் குடும்பத்திற் பிறந்து மிராசுதார்களின் சபையில் தலைமை வகித்தவரிடம் இந்தக் குறையைக் காண்பது வியப்பன்று. ஆயினும் குறை குறையே.

இரண்டாவது குறை தேசத்தைப் பற்றியது. 1930-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 13-ம் தேதி, ராஜாஜியின் தலைமையில் 98 தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். அவர்கள் நடந்தது தஞ்சை ஜில்லாவின் சாலைகளில். தொண்டர்களுக்கு உணவும் இடமும் கொடுப்போர் தண்டிக்கப்படுவர் என்று கலெக்டர் தார்ன் அறிவித்தார். ஜனங்கள் சாலையோர மரங்களில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுக் கலெக்டருக்கு விடையளித்தார்கள். ஏப்ரல் 30-ம் தேதி வேதாரணியத்தில் உப்பு அள்ளப்பட்டது. சர்தார் வேதரத்தினம் பிள்ளை முதலிய ஜில்லாவாசிகள் சிறை புகுந்தார்கள். ஜில்லாவின் சரித்திரத்தில் ஈடு இணையற்ற அந்த வாரங்களில் பன்னீர்செல்வம் நின்றது அந்த அணிவகுப்பில் அன்று. அவருடைய கட்சி பிரிட்டிஷ் ஆட்சியோடு ஒத்துழைத்துச் சலுகை பெறும் வழியையே நம்பியிருந்தது. சமூக நீதி முதலில், சுதந்திரம் பின்னர் என்ற அவ்வாதத்தைத் தேசியவாதிகள் ஒப்புக்கொள்ளவில்லை. அந்நியன் கொடுக்கும் நீதி அவன் எடுத்துக்கொள்ளக்கூடிய நீதியே என்பது தேசியவாதிகளின் கட்சி.

1930-ல் ஜில்லா போர்டுத் தலைமையிலிருந்து விலகிய அவர் மேலும் உயர்ந்த பதவிகளை அடைந்தார். 1931-ம் வருஷத்தில், காந்தியடிகளும் கலந்துகொண்ட இரண்டாம் வட்டமேஜை மகாநாட்டில், இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதிகளில் ஒருவராக லண்டன் சென்றார். பின்னர் சென்னைக் கவர்னரின் நிர்வாக சபையில் அங்கத்தினரானார். 1937-ம் வருஷத் தேர்தலில் காங்கிரஸ் 215 ஸ்தானங்களில் 159-ஐக் கைப்பற்றியது. ஜஸ்டிஸ் கட்சியின் தலைவர்கள் பலர் தோற்றனர். பொப்பிலி அரசரே ஸ்ரீ வி. வி. கிரியிடம் தோல்வியுற்றார். அந்த வெள்ளத்திலும் அடித்துச் செல்லப்படாமல் சட்டசபையில் அமர்ந்தவர்களில் பன்னீர்செல்வம் ஒருவர். காங்கிரஸ் பதவியேற்கத் தயங்கிய ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான நாட்களில், ஸ்ரீ கூர்மா வெங்கடரெட்டி நாயுடுவின் இடைக்கால மந்திரி சபையில் அவர் மந்திரியாகவும் இருந்தார். ஜனங்களின் ஆதரவு இல்லாத மந்திரி சபையில் பங்கேற்றது அவருடைய புகழுக்கு ஏற்றதன்று என்று கூறாமலிருக்க முடியாது.

இதற்கிடையே ஸ்தல ஸ்தாபனங்களில் கட்சியற்ற காலம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. 1930-களின் நடுவில் காங்கிரஸ் முனிசிபல், ஜில்லா போர்டுத் தேர்தல்களில் கட்சியாகவே இறங்கியது. நியமனத்தின் மூலம் நடைபெற்ற மறைமுகக் கட்சி ஆட்சியைக் காட்டிலும், கொடியை உயர்த்திப் பிடித்து வாக்குக் கேட்பது நேர்மையானது என்பது அதன் நியாயம். அந்த நியாயத்துக்குச் சிறந்த சான்றாகத் திகழ்ந்தவர் 1939-ம் வருஷத்தில் சென்னை மேயரான ஸ்ரீ சத்தியமூர்த்தி. அவரினும் கட்சிப் பற்று மிகுந்தவரைக் காண்பது அரிது. ஆயினும் காங்கிரஸ் மந்திரி சபை ராஜிநாமாச் செய்து கவர்னராட்சி நடந்த காலத்தில், அந்த ஆட்சியாரோடு வாதாடிப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு 1940-ல் அஸ்திவாரம் இடச் செய்தார் அவர். 1944-ல் அது முடிவதைக் காண அவர் உயிரோடு இல்லை. கட்சிக்காரராக இருப்பது நகரத்துக்கு உழைப்பதற்குத் தடையன்று என்பதைச் சென்னையில் காங்கிரஸ்வாதியும், தஞ்சையில் ஜஸ்டிஸ் கட்சிக்காரரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே விதமாக நிரூபித்தார்கள்.

தோல்வியுற்ற கட்சியைப் பன்னீர்செல்வம் கைவிடவில்லை. 1938-ம் வருஷத்தில் பள்ளிகளில் ஹிந்தி புகுத்தப்பட்டதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில் அவர் முன்னணியில் நின்றார். அவ்வருஷம் டிசம்பர் மாதத்தில் சென்னையில் கூடிய ஜஸ்டிஸ் கட்சி மகாநாட்டுக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஈ. வெ. ரா. சிறையில் இருந்தார். அவருடைய ஸ்தானத்திலிருந்து மகாநாட்டை நடத்தும் பொறுப்பு பன்னீர்செல்வத்தின் மீது விழுந்தது. தமக்கே உரியது என்று அவர் கோரியிருக்கக்கூடிய தலைமையை, சிறையிலிருந்தவருக்கு விட்டுக்கொடுத்து நின்ற அப்பண்பை எக்கட்சியினரும் பாராட்டலாம்.

1939-ல் உலக யுத்தம் மூண்டது. பிரிட்டனில் இந்தியா மந்திரிக்கு ஆலோசகராகப் பன்னீர்செல்வம் நியமிக்கப்பட்டார். அப்பதவியை ஏற்க லண்டனுக்கு விமானத்தில் புறப்பட்டார். 1940-ம் வருஷம் மார்ச் மாதம் 1-ம் தேதி, ஹானிபால் என்னும் அவ்விமானம் பலூச்சிஸ்தானக் கடற்கரையிலுள்ள ஜிவானியிலிருந்து ஷார்ஜாவை நோக்கிப் பறந்தது. ஓமான் வளைகுடாவின் மேல் செல்லும்போது மறைந்தது. அதில் இருந்த எட்டுப் பேரில் ஒருவரும் மீளவில்லை. விமானத்தின் சிதைவும் கிடைக்கவில்லை. காவிரிக் கரையில் பிறந்தவருக்குக் கல்லறையும் இல்லாமற் போயிற்று. அப்போது அவருக்கு வயது 51. ஈ. வெ. ரா. தம் குடும்பத்தில் நேர்ந்த மரணங்களினும் பெரிய இழப்பாக இதைக் கருதி எழுதினார். ஈரோட்டில் உள்ள பன்னீர்செல்வம் பூங்கா அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

இந்த வாழ்க்கையிலிருந்து இன்றைய தஞ்சை, கும்பகோணம் நகரவாசிகளும் தேசத் தொண்டர்களும் கொள்ளவேண்டிய முடிவு எது? கட்சிப் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து அகற்றினால் நகரம் தூய்மையாகிவிடும் என்பது முழு உண்மையன்று. 1918-ல் அப்பெயர் இல்லை. ஆயினும் நிலமும் ஜாதியும் நியமனமும் அதன் வேலையைச் செய்தன. கட்சி இருந்தால்தான் கொள்கை இருக்கும் என்பதும் முழு உண்மையன்று. கட்சியின் பெயரால் வென்று, கட்சியின் பெயராலேயே தம் வார்டுக்கு வாக்களிக்காத தெருவுக்குக் குழாய் மறுப்பவர்களை ஒவ்வோர் ஊரும் அறியும். மேயரை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதும் முக்கியமான கேள்விதான். எம்முறை வந்தாலும், நாற்காலியில் அமரப்போகிறவரை அளக்கும் கோல் ஒன்று வாக்காளரின் கையில் இருக்க வேண்டும்.

அந்தக் கோலைத் தஞ்சையின் சரித்திரமே தருகிறது. பொதுப் பணத்துக்குக் கணக்குக் காட்டினாரா என்று குடவோலைக் காலத்து ஊரார் கேட்டார்கள். அதை நாமும் கேட்க வேண்டும். பொதுச் சொத்தின் பயனைப் பழைய வழக்கம் யாருக்கு மறுத்து வந்ததோ, அவர்களுக்கு அதைத் திறந்துவிட்டாரா என்று பன்னீர்செல்வத்தின் வாழ்க்கை கேட்கச் சொல்கிறது. தமக்கு வாக்களிக்காதவர்களின் தெருவிலும் அவர் நடந்தாரா என்பதை அத்தெருவாரே சொல்ல வேண்டும். இக்கேள்விகளுக்கு ஆம் என்று விடை வருமாயின், அவர் எக்கொடியைப் பிடித்தவராயினும் நம் வாக்குக்கு உரியவர். இல்லை என்று விடை வருமாயின், நம் கொடியையே பிடித்தவராயினும் அவரை மாற்றியாக வேண்டும்.

தேசிய இயக்கம் பன்னீர்செல்வத்தோடு சுதந்திரத்தைப் பற்றிக் கொண்ட வழக்கு 1947-ல் தீர்ந்துவிட்டது. அதில் வெற்றி தேசத்தினுடையது. ஆனால் ஒரத்தநாட்டுச் சத்திரத்தின் கதவைப் பற்றிய வழக்கில் நியாயம் அவர் பக்கம் இருந்தது. அதை ஒப்புக்கொள்வதால் தேசியத்துக்கு இழுக்கு எதுவும் இல்லை. காவிரித் தண்ணீர் எல்லா வயலுக்கும் பாய வேண்டும் என்று வாதாடும் ஜில்லா, கல்வியும் குடிநீரும் எல்லா வீட்டுக்கும் பாய வேண்டும் என்று தன் நகரத் தலைவர்களிடம் வாதாடக் கடமைப்பட்டிருக்கிறது. அடுத்த தேர்தலில் வாக்கு கேட்டு வருவோரிடம் தஞ்சைவாசிகள் முதலில் கேட்க வேண்டியது அதுவே.